மண் ஏறிப் போகும் மருந்து

சிங்கப்பூரின் தெம்பனிஸில் இன்று ஒரு வயலும் இல்லை. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அடுக்குமாடி நகரம் இது. பழைய தலைமுறையினரைக் கேட்டால் ரப்பர் தோட்டம், கோழிப் பண்ணை, காய்கறிப் பாத்தி, மணல் தோண்டிய பெரும்பள்ளங்கள் என்று வேறொரு தெம்பனிஸைச் சொல்வார்கள். 1970களின் பிற்பகுதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கே புதுநகரம் எழுப்பத் தொடங்கியதும் அந்த நிலம் கான்கிரீட்டுக்கும் புல்தரைக்கும் அடியில் போய்விட்டது. ஆனாலும் மழையில்லாத பிப்ரவரியில் சில நாள் துடைக்காமல் விட்ட சன்னல் கம்பியில் விரல் வைத்தால் சாம்பல் நிறத் தூசி ஒட்டுகிறது. தேய்ந்த டயர், கட்டுமானத் தளத்துச் சிமெண்ட், கடல் உப்பு, சமையல் கரி எல்லாம் அதில் உண்டு. காற்று தூரத்து மண்ணையும் விட்டுவைப்பதில்லை. அது எவ்வளவு தொலைவிலிருந்து வரலாம், வரும்போது எதைச் சுமந்து வரலாம் என்ற கேள்வி வயலே இல்லாத ஊர்க்காரர்களுக்கும் உரியதுதான்.

உழுது போட்ட நிலத்தின் மண் காற்றேறிப் புறப்படும்போது தனியாகப் போவதில்லை. அந்த நிலத்தில் அடித்த களைக்கொல்லியையும் கூட்டிக்கொண்டு போகிறது. வேளாண் அறிவியல் இதை நிறுவுவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

களைக்கொல்லி காற்றில் பரவும் வழிகளில் இரண்டு பலருக்கும் தெரியும். மருந்து அடிக்கும்போதே திவலைகள் காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டத்தில் விழுவது ஒன்று. டைகாம்பா போன்ற மருந்துகள் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகி நகர்வது இன்னொன்று. உலகில் மிக அதிகமாகப் பயன்படும் களைக்கொல்லியான கிளைஃபோசேட் இந்த இரண்டாவது வழியில் போக முடியாது. அது ஆவியாவதே இல்லை என்று சொல்லிவிடலாம். மான்சாண்டோ நிறுவனத்தின் வேதியியலாளர் ஜான் ஃபிரான்ஸ் 1970-ல் அதன் களை கொல்லும் திறனைக் கண்டறிந்தார். 1974-ல் ரவுண்டப் என்ற பெயரில் கடைக்கு வந்தது. மண்ணில் விழுந்தால் களித்துகளோடும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடும் இறுகப் பிணைந்துகொள்ளும், ஆகவே நிலத்தடி நீருக்கும் எளிதில் இறங்காது, காற்றிலும் ஏறாது என்பது நெடுங்காலம் அதன் நற்சான்றாக இருந்தது. மண்ணை இறுகப் பிடித்துக்கொண்ட பொருள் மண் போகும் இடமெல்லாம் போகும் என்பதை அந்தச் சான்று கணக்கில் சேர்க்கவில்லை.

மண் எப்படிப் போகிறது என்பதே ஓர் அதிசயம். பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பேக்னால்ட் லிபியப் பாலைவனத்தில் சுற்றியலைந்து, பிறகு காற்றுச் சுரங்கத்தில் மணலை ஓடவிட்டுப் பார்த்து, 1941-ல் எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கு இன்றும் அடித்தளம். மிக நுண்ணிய தூள்தான் முதலில் பறக்கும் என்று நாம் நினைப்போம். நடப்பது வேறு. நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையோடு தரையாகக் கிடக்கும். தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காற்றின் வேகமும் குறைவு. நேராக வீசும் காற்றால் அவற்றைக் கிளப்ப முடிவதில்லை. முதலில் அசைவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல்துகள். அது உருண்டு, துள்ளி, ஒரு சாண் உயரம் எழும்பி, காற்றின் வேகத்தை வாங்கிக்கொண்டு, சாய்வாக வந்து தரையில் மோதும். அந்த மோதலில்தான் ஒட்டிக்கிடந்த நுண்தூள் சிதறி மேலே எழும். துள்ளிய மணல் அடுத்த வரப்பிலோ வேலியிலோ விழுந்துவிடும். எழும்பிய தூள் திரும்பி வராது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து மைக்ரான் விட்டமுள்ள மண்துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏழில் ஒரு பங்கு அளவுள்ளது, அசையாத காற்றில் நொடிக்கு எட்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் தரை தொட ஒன்றரை நாள் ஆகும். அதற்குள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அதை 700 கிலோமீட்டர் நகர்த்திவிடும். இரண்டு மைக்ரான் துகளுக்கு அதே உயரத்திலிருந்து இறங்க ஒரு மாதத்துக்கு மேல் தேவை. ஒரு மாதத்தில் காற்று எந்தக் கடலையும் தாண்டிவிடும்.

இனிதான் கவலைக்குரிய பகுதி. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளைஃபோசேட் கலந்த, லோயஸ் என்னும் நுண்வண்டல் மண்ணைக் காற்றுச் சுரங்கத்தில் பறக்கவிட்டு, பறந்த தூளை அளவுவாரியாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2017-ல் வெளியான அந்த முடிவின்படி, துகள் சிறுக்கச் சிறுக்க அதிலுள்ள மருந்தின் செறிவு கூடிக்கொண்டே போனது. பத்து மைக்ரானும் அதற்குக் கீழுமான துகள்களில்தான் மிக அதிகம். காரணம் விளங்கக்கூடியதே. ஒரே எடை மண்ணில் களித்துகளுக்கு மேற்பரப்பு மிக அதிகம், மருந்து ஒட்ட இடமும் மிக அதிகம். ஆக, பக்கத்து வயலில் விழும் மணலில் மருந்து குறைவு. கண்டம் தாண்டுகிற, மூக்கு முடியையும் தாண்டி நுரையீரலுக்குள் போகிற தூளில் மருந்து அதிகம்.

நிலம் காய்ந்திருந்தால் இது இன்னும் மோசமாகும். கிளைஃபோசேட்டைச் சிதைப்பவை மண்ணின் நுண்ணுயிரிகள். அவற்றுக்கு ஈரமும் வெப்பமும் வேண்டும். அதே பல்கலைக்கழகத்தின் முந்தைய ஆய்வில், வெதுவெதுப்பான ஈரமண்ணில் ஒன்றரை நாளிலேயே பாதி மருந்து சிதைந்துபோனது. குளிர்ந்து உலர்ந்த மண்ணில் அதே பாதி சிதைய 53 நாள் ஆனது. மண் பறப்பதற்கு ஏற்ற வறட்சிதான் மருந்து அழியாமல் கிடப்பதற்கும் ஏற்ற நிலை.

இந்தப் பயணத்தின் முதல் தெளிவான சாட்சி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் கிடைத்தது. 1965 ஜனவரி 26 அன்று அங்கே பெய்த மழையோடு மண்ணும் இறங்கியது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், டெக்சஸ் பக்கத்து உயர்சமவெளியில் எழுந்த புழுதி அது. கோஹன், பிங்கர்டன் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பகுத்துப் பார்த்தபோது டிடிடி, குளோர்டேன், டைல்ட்ரின் ஆகிய பூச்சிக்கொல்லிகளோடு 2,4,5-டி என்ற களைக்கொல்லியும் இருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1968-ல், ரைஸ்பரோவும் கூட்டாளிகளும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரை தீவில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமானது. கரீபியனில் உள்ள பார்படோஸ் தீவில் வணிகக் காற்று கொண்டுவந்த தூசியைப் பிடித்துச் சோதித்தார்கள். அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பாலிருந்து, ஆப்பிரிக்க ஐரோப்பிய நிலங்களிலிருந்து வந்த தூசி. அதில் குளோரின் வகைப் பூச்சிக்கொல்லிகள் சராசரியாக நூறு கோடிக்கு 41 பங்கு இருந்தன. வெப்பமண்டல அட்லாண்டிக்கில் இந்தக் காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும் பூச்சிக்கொல்லி, பெரிய ஆறுகள் கடலில் சேர்க்கும் அளவுக்கு நிகரானது என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு தூசிக் காற்றை ஓர் ஆற்றுக்குச் சமமாக வைத்துப் பேசிய கட்டுரை அது.

நூறு கோடியில் சில பத்துப் பங்கு என்றால் யாருக்கு என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். இடாஹோ விவசாயிகளிடம் அதற்குப் பதில் உண்டு.

அமெரிக்காவின் இடாஹோ மாநிலத் தெற்குப் பகுதியில் 1999 கோடையில் பெரும் காட்டுத்தீ பரவியது. சீட்கிராஸ் என்னும் அந்நியப் புல் சீக்கிரம் காய்ந்து தீயை வளர்க்கும். எரிந்த நிலத்தில் அது மறுபடி முளைத்து அடுத்த தீக்கு விறகாகிவிடக் கூடாது என்று, கூட்டாட்சி நில நிர்வாக அமைப்பு அவுஸ்ட் என்ற களைக்கொல்லியை அங்கே அடித்தது. டூபாண்ட் நிறுவனத் தயாரிப்பு. சல்போனைல்யூரியா என்ற குடும்பத்தைச் சேர்ந்த இந்த மருந்துகளுக்கு ஏக்கருக்குச் சில பத்து கிராம் போதும். செடி புரதம் கட்டத் தேவையான ஒரு நொதியை அடைத்துவிடுவதால் வேர் வளர்ச்சி நின்றுபோகும். நல்ல நோக்கத்தோடு செய்த காரியம்தான். ஆனால் அந்த நிலத்தின் நிலைமையைப் பாருங்கள். தீ செடிகளை எரித்துவிட்டது. மருந்து புதிதாக முளைப்பதையும் தடுத்துவிட்டது. மண்ணைப் பிடித்து நிறுத்த ஒரு வேர்கூட மிச்சமில்லை. பிறகு காற்று வீசியது.

புழுதி இறங்கிய வயல்களில் உருளைக்கிழங்கும் சர்க்கரை பீட்டும் தானியமும் இருந்தன. கிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்துக்குப் புழுதியளவே போதுமானதாயிற்று. செடிகள் குன்றின. நூற்றுக்கும் மேற்பட்ட விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2009-ல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லி, நிறுவனத்துக்கும் அரசுக்கும் பொறுப்பைப் பிரித்து வைத்தது. அரசுக்கு எதிரான கோரிக்கை காலம் கடந்து தொடுக்கப்பட்டது என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. சட்டம் எங்கே போய் நின்றாலும் நிலம் சொன்ன செய்தி தெளிவு. செடியில்லாத நிலத்தில் அடித்த மருந்து அந்த நிலத்துக்குச் சொந்தமாக இருப்பதில்லை.

களைக்கொல்லியை ஆதரிப்பவர்கள் ஒரு நியாயமான வாதம் வைக்கிறார்கள். களையை ஒழிக்கத் திரும்பத் திரும்ப உழுவதுதான் மண்ணைப் பொடியாக்கிக் காற்றுக்குக் கொடுக்கிறது. மருந்து இருந்தால் உழ வேண்டியதில்லை. முந்தைய பயிரின் தாளும் சருகும் நிலத்தை மூடிக் கிடக்கும், மண் பறக்காது. இதில் உண்மை இருக்கிறது. கனடாவின் புல்வெளி மாகாணங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் உழவு குறைந்த பிறகு புழுதிப் புயல்களின் கடுமை குறைந்தது. ஆனால் இந்த வாதம் தாளும் சருகும் நிலத்தில் கிடக்கும்வரைதான் நிற்கும். தாளை எரித்துவிட்டோ மாட்டுக்கு முழுவதும் அறுத்துவிட்டோ மருந்தும் அடித்தால், இரண்டு வழியின் கேடும் சேர்ந்து வரும். கனடாவின் லெத்பிரிட்ஜில் இதை வயலிலேயே அளந்து 1999-ல் வெளியிட்டார்கள். வெற்று நிலத்தில் இட்ட களைக்கொல்லியில் சில விழுக்காடு பறந்த மண்ணோடு போய்விட்டது. விழுக்காடு சின்னதாகத் தெரியலாம். ஆனால் மருந்து நிறைந்த மேல்மண் மட்டும் அரித்துப் போனதால் வந்த இழப்பு அது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விளைநிலங்களிலிருந்து 317 மேல்மண் மாதிரிகளை எடுத்துச் சோதித்த ஆய்வு 2018-ல் வெளியானது. 45 விழுக்காட்டில் கிளைஃபோசேட்டோ அதன் சிதைபொருளோ இருந்தது. அரசுகள் இந்த மருந்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிப்பதும் தெரிந்ததே. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அதை மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. அதே ஆண்டு இலங்கை தடை செய்தது, 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தியது. பூச்சி ஒழிப்புப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று இந்தியா 2022-ல் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் மேலும் பத்தாண்டு அனுமதித்தது. இந்தச் சச்சரவில் பேச்செல்லாம் உணவைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் இருக்கிறது. புழுதியைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

நம் மக்களுக்கு இந்தப் பேச்சு புதியதில்லை. மலேசியத் தோட்டங்களில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாக மருந்தடித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். லாலாங் புல்லைக் கொல்ல முன்பு சோடியம் ஆர்சனைட், அதாவது பாஷாணம். பிறகு கிராமக்சோன் என்ற பெயரில் பாராகுவாட். தெனாகனித்தா அமைப்பு 2002-ல் வெளியிட்ட அறிக்கை அந்தப் பெண்களின் நகம் உதிர்ந்ததையும் கண் எரிந்ததையும் மூக்கில் ரத்தம் வடிந்ததையும் வெளியுலகுக்குச் சொன்னது. மலேசியாவில் பாராகுவாட் தடை 2020-ல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பாராகுவாட்டும் ஆவியாகாத பொருள், களிமண்ணைக் கிளைஃபோசேட்டை விடவும் இறுகப் பிடிப்பது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது. காற்றில் போக வேண்டுமானால் மண்ணேறித்தான் போக வேண்டும்.

இனி நம் தீவுக்கு வருவோம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ராஜசேகர் பாலசுப்ரமணியனும் அவருடைய குழுவினரும் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்குள்ள காற்றையும் மழைநீரையும் பகுத்துப் பார்த்தார்கள். விளைநிலம் ஒரு விழுக்காடுகூட இல்லாத இந்த நாட்டின் காற்றில் குளோரின் வகைப் பூச்சிக்கொல்லிகள் இருந்தன. மழையிலும் இருந்தன. அவை ஓரளவு ஆவியாகக்கூடிய பழைய மருந்துகள், ஆவியாகவும் துகளோடு ஒட்டியும் நகர்பவை. அளவு மிகச் சிறியது. ஆனாலும் ஒரு தீவின் காற்று அந்தத் தீவோடு முடிவதில்லை என்பதற்கு ஆய்வகச் சான்று அது.

அந்தச் சான்று கண்ணால் பார்க்கும்படியும் வந்ததுண்டு. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடினார்கள். தெம்பனிஸில் எதிர் புளோக் தெரியாத நாட்கள் அவை. புகைமூட்டம் என்று சொல்கிறோமே, அதில் பெரும்பங்கு எரிந்த மண். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் ஈரக் கரிமண் நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்து, செம்பனையும் காகித மரமும் நட்டபோது அந்த மண் காய்ந்தது. காய்ந்த கரிமண் தீப்பிடித்தால் வாரக்கணக்கில் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். உலர்ந்த விளைநில மண் காற்றேறி நகரத்துக்கு வருவதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு நம் வட்டாரத்தில் இல்லை. தீயில் களைக்கொல்லியின் பெரும்பகுதி சிதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் நிலத்தைக் காயவிட்டால் அது ஒரு நாள் பறக்கும் என்ற விதி இடாஹோவுக்கும் சுமத்ராவுக்கும் ஒன்றுதான்.

மழைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி, அயோவா, இந்தியானா மாநிலங்களில் காற்றிலும் மழையிலும் கிளைஃபோசேட்டைத் தேடியவர்கள் எடுத்த மாதிரிகளில் 60 முதல் 100 விழுக்காடு வரை அதைக் கண்டார்கள். 2011-ல் வெளியான அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வாரத்துக்கு 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் காற்றிலுள்ள கிளைஃபோசேட்டில் 97 விழுக்காடு கழுவப்பட்டுவிடும். சிங்கப்பூரின் சராசரி ஆண்டு மழை 2,113 மில்லிமீட்டர், வாரத்துக்குச் சுமார் 40. நம் காற்றைக் கூட்டிப் பெருக்குவது இந்த மழைதான். ஆனால் 2014-ல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் வறட்சியும் வந்தது. கழுவிய அழுக்கு எங்கோ போய்த்தான் சேரும். தெம்பனிஸை ஒட்டிய பிடோக் நீர்த்தேக்கம் பழைய மணல் குவாரி, சுற்றியுள்ள நகரங்களின் மழைநீர் அங்கே வந்து சேர்கிறது. சுத்திகரித்த பிறகே குழாய்க்கு வருகிறது என்பதால் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியதுண்டு. நாம் தினமும் பார்க்கும் காற்றுத்தரக் குறியீடு ஆறு மாசுகளைக் கணக்கிடுகிறது. நுண்துகளின் எடையைச் சொல்லும். அந்தத் துகளின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்று சொல்லாது. உலகெங்கும் காற்றுக் கண்காணிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. களைக்கொல்லியையும் பட்டியலில் சேர்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

தெம்பனிஸ் நார்த் பக்கம் புதிய புளோக்குகள் எழும் இடங்களில் வேலிக்கு உள்ளே பார்த்தால் ஒரு காட்சி தென்படும். வெட்டிய மண்சரிவின் மேல் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். வேலை முடிந்த பகுதியில் உடனே புல் பதிப்பார்கள். லாரியின் சக்கரத்தைக் கழுவித்தான் வெளியே விடுவார்கள். வெறும் மண்ணை மூடாமல் வைத்தால் மழையில் சேறு வடிகாலுக்குப் போகும் என்பதற்கான சட்ட விதி இது, மீறினால் தண்டம். ஒரு நகரம் தன் கட்டுமானத் தளத்து மண்ணுக்குக் காட்டும் இந்த அக்கறையில் பாதியாவது விளைநிலங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இங்கே பலருக்குத் தமிழகத்துச் சொந்த ஊரில் இன்னும் நிலம் இருக்கிறது, குத்தகைக்கு விட்டிருப்பார்கள். தென்மாவட்டக் கரிசல் காட்டில் புரட்டாசி, ஐப்பசி மழைக்குத்தான் விதைப்பு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று சீறிவரும் ஆனி, ஆடி மாதங்களில் நிலம் உழுதுபோட்டு வெறுமையாகக் கிடக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே உடுமலை, பல்லடம் பக்கமும் அந்த மாதங்களில் காற்று அப்படித்தான். ஆடிக்காற்றில் அம்மி பறக்குமோ இல்லையோ, மேல்மண் கட்டாயம் பறக்கும். அடுத்த முறை ஊருக்குப் போன் போடும்போது குத்தகைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அறுத்த தாளை எரிக்கிறார்களா, நிலத்திலேயே விடுகிறார்களா? சும்மா கிடக்கும் நிலத்துக்கும் வரப்புக்கும் களைக்கொல்லி அடிக்கிறார்களா? மேற்கு வேலியில் சவுக்கோ பனையோ கிளுவையோ நிற்கிறதா? பதில் சரியாக இல்லையென்றால் குத்தகையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது தாளை நிலத்தில் விடச் சொல்லுங்கள், வேலியோரம் மரம் வைக்கச் சொல்லுங்கள். கன்றுக்கான காசை நீங்களே அனுப்பிவிடுங்கள்.